1950-களின் இடுப்பு, இன்றைய எலாஸ்டிக்

2019 கோடையில் பிரிட்டனில் ஒரு கவுன் கிட்டத்தட்ட சீருடை ஆகிவிட்டது. ஸாரா நிறுவனம் 39.99 பவுண்டுக்கு விற்ற வெள்ளைக் கவுன், மேலே கறுப்புப் புள்ளிகள். ஆபீஸ், ரயில் நிலையம், கல்யாண விருந்து என்று எங்கே திரும்பினாலும் அதே புள்ளி. யார் யார் அதைப் போட்டுக்கொண்டு போகிறார்கள் என்று படம் பிடித்துப் போடுவதற்கென்றே இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு முளைத்தது. புள்ளித் துணி, முழங்காலைத் தாண்டி இறங்கும் நீளம், கீழே விரியும் பாவாடை என்று அடுக்கிச் சொன்னால், பழைய அமெரிக்க ஃபிரிட்ஜ் விளம்பரத்தில் சிரித்தபடி நிற்கும் பெண்தான் நினைவுக்கு வருவார். ஆனால் அந்தக் கவுனைக் கையில் எடுத்துப் பார்த்தால் 1950-களின் தையற்காரர் குழம்பிப்போவார். அதில் இடுப்பே கிடையாது. மேலிருந்து அடுக்கடுக்காக இறங்கும் துணி, அவ்வளவுதான்.

'ரெட்ரோ', 'விண்டேஜ்' என்ற அடைமொழியோடு இன்று விற்கும் சாதாரண கவுன்களில் பெரும்பாலானவை இப்படித்தான். பார்த்த மாத்திரத்தில் 50-கள். தொட்டுப் பார்த்தால் வேறு ஏதோ. இதைப் பழமையின் மலிவுப் பதிப்பு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்றைய கவுனுக்கு முன்னோர் இரண்டு பேர். தோற்றத்தைப் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோரிடமிருந்து எடுத்துக்கொண்டது. தைக்கும் முறையையும் உடுத்தும் முறையையும், நம்மில் பலர் பெயர்கூடக் கேள்விப்படாத கிளேர் மெக்கார்டல் என்ற அமெரிக்கப் பெண் வடிவமைப்பாளரிடமிருந்து எடுத்துக்கொண்டது. இருவரும் ஒரே காலத்தவர், ஒருவருக்கொருவர் நேர் எதிர்.

முதலில் டியோர். 1947 பிப்ரவரி 12, பாரிஸ், அவென்யூ மோன்தேஞ் 30-ஆம் எண் கட்டடம். டியோர் தன் பெயரில் காட்டிய முதல் தொகுப்பு அது. அதில் 'பார்' என்ற உடை இன்றைக்கும் பாடப் புத்தகம். வெளிர்நிறப் பட்டுக் கோட்டு, கறுப்புக் கம்பளிப் பாவாடை. சரிந்த தோள், உயர்ந்த மார்பு, இறுக்கிப் பிடித்த இடுப்பு. அதற்குக் கீழே கோட்டின் ஓரம் உடம்பை ஒட்டாமல் தனியாக விரிந்து நிற்கும். அப்படி நிற்பதற்காகவே உள்ளே திணிப்பு வைத்திருப்பார்கள். பாவாடை மடிப்பு மடிப்பாகக் கெண்டைக்கால் வரை இறங்கும். அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் பஸார் இதழின் ஆசிரியர் கார்மல் ஸ்னோ இதை 'நியூ லுக்' என்று சொல்ல, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இது ஏன் அவ்வளவு பெரிய சங்கதி ஆனது என்பதற்கு, அதற்கு முந்தைய ஆறேழு வருடங்களைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 1941 ஜூனிலிருந்து துணிக்கு ரேஷன். ஒரு ஆளுக்கு முதல் வருடம் 66 கூப்பன். ஒரு கம்பளிக் கவுனுக்கு 11 கூப்பன் போய்விடும், பருத்திக் கவுன் என்றால் 7. அமெரிக்காவில் 1942-ல் எல்-85 என்ற அரசாணை வந்தது. பாவாடையின் சுற்றளவு எவ்வளவு இருக்கலாம், ஓர மடிப்பு எவ்வளவு ஆழம் போகலாம் என்பதுவரை சட்டம் சொன்னது. நைலான் எல்லாம் பாராசூட்டுக்குப் போனது. ஆக, போர்க்காலக் கவுன் என்றால் குறுகல், முழங்கால் நீளம், சதுரத் தோள். டியோர் அதை ஒரே நாளில் தலைகீழாக்கினார்.

எல்லோரும் கைதட்டவில்லை. பிரிட்டனில் அப்போதும் ரேஷன் நடந்துகொண்டிருந்தது; 1949 மார்ச்சில்தான் முடிந்தது. பாரிஸிலேயே ரூ லெப்பிக் தெருவில் டியோர் உடையில் படம் எடுக்கப் போன மாடல் பெண்ணை, அங்கிருந்த பெண்கள் பிடித்து இழுத்து உடையைக் கிழித்தார்கள். அமெரிக்காவில் நீளப் பாவாடையை எதிர்த்துச் சங்கமே வைத்தார்கள். இன்னொரு விஷயமும் உண்டு. டியோரின் கடைக்குப் பணம் போட்டவர் மார்செல் புசாக், பிரான்சின் பெரிய பருத்தி ஆலை முதலாளி. ஆலைக்காரர் முதல் போட்ட கடையில் பாவாடை குட்டையாகவா இருக்கும்?

அந்தப் பாவாடை எவ்வளவு துணி தின்னும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50-களின் படங்களில் வரும் முழுவட்டப் பாவாடை, நம் ஊர்த் தையற்கடையில் 'அம்பர்லா கட்' என்கிறார்களே, அதேதான். இடுப்பு 28 அங்குலம் என்றால் நடுவில் வெட்டும் ஓட்டையின் ஆரம் சுமார் நாலரை அங்குலம். பாவாடை நீளம் 27 அங்குலம். இரண்டையும் கூட்டினால் வெளிவட்டத்தின் ஆரம் முப்பத்தொன்றரை. விளிம்பின் சுற்றளவு 198 அங்குலம் வரும், அதாவது ஐந்து மீட்டர். இடுப்பில் 28, கீழே 198, இடையில் ஒரு சுருக்கம்கூடக் கிடையாது. இடுப்பில் துளியும் பருமன் சேர்க்காமல் கீழே இவ்வளவு விரிவு தர வட்ட வெட்டால் முடியும். 50-களின் இடுப்பு அவ்வளவு சிறியதாகத் தெரிந்ததில் பாதி இந்தக் கணக்கின் வேலை.

மீதிப் பாதி உள்ளே இருந்தது. டியோரின் கவுன்களுக்குள் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பட்டைகள் வைத்த உள்கச்சு, வலைத்துணி அடுக்குகள், விறைப்பான லைனிங் எல்லாம் இருக்கும். அந்தக் கவுன் கிட்டத்தட்டத் தானாகவே நிற்கும். பெண் அதற்குள் போய் நின்றால் போதும். அதைப் பார்த்து வந்த ஆயத்த உடைகளில் உள்கட்டுமானம் குறைவு. அதனால் அந்தப் பொறுப்பு உடுத்துகிறவர் தலையில் விழுந்தது. இடுப்பை இறுக்கும் கர்டிள், கூம்பு வடிவ பிரா, நைலான் வலையில் அடுக்கடுக்காகத் தைத்த உள்பாவாடை. உள்பாவாடை தொய்யாமல் விரிந்து நிற்க, சர்க்கரைத் தண்ணீரில் முக்கி விறைப்பாகக் காயவைத்தார்கள். நாம் கஞ்சி போடுவோமே, அந்த இடத்தில் அவர்கள் சர்க்கரை போட்டார்கள். வெயில் காலத்தில் எறும்பு என்ன செய்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தப் படம்தான் நம் மனதில் '50-கள்' என்று பதிந்திருக்கிறது. ஆனால் அன்றைய சாதாரணப் பெண் காலையில் எழுந்து இதைப் போட்டுக்கொண்டா அடுப்படிக்குப் போனார்? இங்கேதான் மெக்கார்டல் வருகிறார்.

கிளேர் மெக்கார்டல் 1905-ல் மேரிலாண்ட் மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க்கிலும் பாரிஸிலும் படித்தவர். பாரிஸைப் பிரதி எடுப்பதுதான் அமெரிக்க உடைத் தொழிலின் அன்றாடப் பிழைப்பாக இருந்த காலத்தில், அதைச் செய்யப் பிடிக்காதவர். 1938-ல் அவர் கொண்டுவந்த ஒரு கவுனுக்கு 'மொனாஸ்டிக்' என்று பெயர். துறவிகளின் அங்கியைப்போல் தோளிலிருந்து நேராகத் தொங்கும். டாட் (உடம்பின் வளைவுக்காகத் துணியை மடித்துப் பிடிக்கும் தையல்) கிடையாது, இடுப்பில் வெட்டு கிடையாது. கூடவே ஒரு பெல்ட். அதை எங்கே கட்ட வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் உடுத்துகிறவர் விருப்பம். இடுப்பு என்பது துணியில் வெட்டி வைத்த இடமாக இருந்தது போய், அந்தந்தப் பெண் அன்றன்றைக்குத் தீர்மானிக்கும் இடமாக ஆனது. இன்றைக்கு ஆன்லைன் கடைகளில் 'பெல்ட் உடன்' என்று வரும் தொளதொளக் கவுன் ஒவ்வொன்றுக்கும் இது பாட்டி.

அப்புறம் 1942. போர்க்காலம். அமெரிக்க நடுத்தர, மேல்தட்டு வீடுகளில் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. வீட்டுவேலை செய்தவர்கள் அதிகக் கூலி தரும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். முதல் முறையாகத் தானே சமைத்து, தானே பெருக்க வேண்டிய நிலையில் இருந்த பெண்ணுக்கு ஒரு உடை வேண்டும் என்று கேட்டது ஹார்ப்பர்ஸ் பஸார். ஆம், ஐந்து வருடம் கழித்து டியோருக்குப் பெயர் சூட்டிய ஸ்னோவின் அதே இதழ். மெக்கார்டல் கொடுத்தது 'பாப்ஓவர்'. டெனிம் துணி. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கட்டுவது. இடுப்புக்குக் கீழே பெரிய மெத்தைத் தையல் பாக்கெட். அதோடு இணைத்து, சூடான பாத்திரம் பிடிக்க அதே துணியில் ஒரு கையுறை. விலை 6.95 டாலர். வேலைக்கான உடை என்ற வகையில் அரசுக் கட்டுப்பாடுகளுக்குள் அடங்கியதால்தான் அவ்வளவு மலிவாக விற்க முடிந்தது.

அந்தக் கவுனில் கவனிக்க வேண்டியது, அதைத் தனியாக உடுத்த முடியும் என்பது. டியோர் வகைக் கவுனில் முதுகில் வரிசையாக ஹூக்கு. மாட்டிவிட இன்னொரு கை வேண்டும். மெக்கார்டல் ஹூக்கையும் ஜிப்பையும் கை எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தார், பித்தளை ஹூக்குகளை மறைக்காமல் அலங்காரமாகவே வெளியே காட்டினார். பாக்கெட் இல்லாமல் கவுன் செய்வதில்லை. போர்க்காலத்தில் செருப்புக்கும் ரேஷன் வந்தபோது, ரேஷனுக்குள் வராத பாலே நடனக் காலணிகளைக் கபேசியோ நிறுவனத்திடம் செய்யச் சொல்லித் தன் கவுன்களோடு சேர்த்துக் காட்டினார். கவுனுக்குக் கீழே தட்டைக் காலணி என்பது அங்கிருந்துதான் சாதாரணமானது. இன்று அந்த இடத்தில் வெள்ளை ஸ்னீக்கர் இருக்கிறது.

1955-ல் டைம் இதழின் அட்டையில் வந்த மெக்கார்டல், 1958-ல் புற்றுநோயால் இறந்தார். அவர் பெயரில் ஒரு பெரிய நிறுவனம் நிலைக்கவில்லை. டியோரின் பெயர் வாசனைத் திரவியத்திலிருந்து கைப்பை வரை தொடர்கிறது. வரலாற்றில் யார் பெயர் நிற்கிறது என்பதைப் பல நேரம் அவருக்குப் பின் கடையை யார் நடத்தினார்கள் என்பதுதான் முடிவு செய்கிறது.

வீட்டில் தைத்தவர்களையும் மறக்கக் கூடாது. 50-களில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தையல் மிஷின் இருந்தது. காகித வெட்டுப்படங்கள் கடையில் விற்கும். பட்டரிக் நிறுவனம் 1952-ல் ஒரு கவுன் வெட்டுப்படம் வெளியிட்டது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தைக்க ஆரம்பித்தால் மதிய விருந்துக்கு அதைப் போட்டுக்கொண்டே போய்விடலாம் என்பது விளம்பரம். ஒற்றைத் துண்டாகத் தலை வழியாகப் போட வேண்டும். குறுகலான முன்பக்கத்தைப் பின்னால் கொண்டுபோய்க் கட்ட வேண்டும், வட்டமாக விரிந்த பின்பக்கத்தை முன்னால் இழுத்துப் பட்டன் போட வேண்டும். ஜிப் இல்லை, டாட் அதிகம் இல்லை, ஓரம் முழுக்க, துணியைச் சாய்வாக வெட்டிய கிராஸ் பட்டி. எதிரில் பார்ப்பவருக்கு டியோர் பாவாடை. வேலையைப் பார்த்தால் மெக்கார்டல். அதன் மறுபதிப்பு இன்றும் விற்கிறது. பக்கவாட்டில் திறந்து காட்டுகிறது என்று இப்போது தைப்பவர்கள் திட்டிக்கொண்டே தைக்கிறார்கள்.

ஆக, 50-களிலேயே இரண்டு ஓட்டங்கள் இருந்தன. மூன்றாவதாக ஒன்றும் அந்தப் பத்தாண்டின் கடைசியில் வந்தது. அதைச் சொல்லாமல் ஸாராவின் புள்ளிக் கவுனை விளக்க முடியாது. 1957-ல் பாரிஸ் வடிவமைப்பாளர்களான பலென்சியாகாவும் ஜிவான்ஷியும் சாக்குப்பை போன்ற, இடுப்பே இல்லாத கவுனைக் கொண்டுவந்தார்கள். அந்த அக்டோபரில் டியோர் திடீரென்று இறந்தார். அவர் இடத்துக்கு வந்த இவ் சென் லொராங்குக்கு அப்போது 21 வயது. 1958 ஜனவரியில் அவர் காட்டிய முதல் தொகுப்பு 'டிரப்பீஸ்': தோளில் குறுகி, கீழே போகப் போக விரியும் சரிவகம். இடுப்பை இறுக்கிப் புகழ்பெற்ற அதே நிறுவனத்திலிருந்து, பதினோரு வருடத்துக்குள் இடுப்பு காணாமல் போனது. பலென்சியாகா அதே வருடம் இடுப்பைப் பிடிக்காமல் தொளதொளவென்று இறங்கும் 'பேபிடால்' கவுன் காட்டினார். '50-கள் என்றால் மணற்கடிகார உருவம்' என்று ஒரே வரியில் சொல்பவர்கள் இந்தக் கடைசி இரண்டு வருடங்களை விட்டுவிடுகிறார்கள். கூடாரம்போல் விரியும் இன்றைய அடுக்குக் கவுன் 50-களுக்குத் துரோகம் செய்யவில்லை. அதே பத்தாண்டின் வேறொரு கிளையிலிருந்து வருகிறது. மேலே போட்ட புள்ளி மட்டும் முந்தைய கிளையிலிருந்து இரவல்.

புள்ளியும் கட்டமும் எப்போதுமே இப்படி ஞாபகத்தைக் கிளறும் வேலையை மலிவாகச் செய்துவிடும். பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ 1959-ல் தன் கல்யாணத்துக்கு ரோஸ் நிறக் கட்டம்போட்ட பருத்திக் கவுன் உடுத்தினார். சமையலறைத் திரைக்குப் போடும் துணி என்று நினைத்திருந்த கிங்காம் என்ற அந்தக் கட்டத் துணி, அதன் பிறகு ஐரோப்பிய இளம்பெண்களின் கோடைத் துணி ஆனது. வடிவத்தைத் தைக்கச் செலவாகும். அச்சுக்கு அந்தச் செலவில்லை. கடைக்காரருக்கு இது தெரியும்.

சரி, இன்றைக்கு வருவோம். நடுவில் இரண்டு பெரிய மாற்றங்கள் நடந்தன. ஒன்று நூலில். 1958-ல் டுபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷைவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கிய இழை, லைக்ரா என்ற பெயரில் 60-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. ரப்பரைவிட மெல்லியது, இழுத்தால் பல மடங்கு நீண்டு திரும்பப் பழைய நிலைக்கு வரும். முதலில் அது போன இடம் கர்டிள்களுக்குத்தான். பிறகு மெதுவாக வெளித்துணிக்குள்ளேயே நுழைந்தது. உள்ளாடை செய்த வேலையின் ஒரு பகுதியைத் துணியே எடுத்துக்கொண்டது.

இன்னொன்று பின்னல் துணி. 1974-ல் வடிவமைப்பாளர் டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க் கொண்டுவந்த சுற்றிக் கட்டும் ஜெர்ஸி கவுன், பாப்ஓவரின் பேத்தி என்று சொல்லலாம். ஜிப் இல்லை, பட்டன் இல்லை, ஒரு நாடா. நெய்த துணி உடம்பின் வளைவுக்குத் தக்கபடி வளைய வேண்டுமென்றால் டாட் பிடிக்க வேண்டும், வெட்டி இணைக்க வேண்டும். பின்னல் துணி தானே வளைந்துகொடுக்கும். அலுவலகத்துக்குப் போகும் பெண் கோட்டு சூட்டு இல்லாமல், இடுப்புத் தெரியும் ஒரு கவுனை ஒரு நிமிடத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பலாம் என்பது அன்றைக்குப் பெரிய செய்தி. இன்று இந்தியாவிலிருந்து உலகம் முழுக்கப் போகும் பருத்திப் பின்னல் உடைகளில் கணிசமானவை திருப்பூரில்தான் தைக்கப்படுகின்றன. டீ-சர்ட்டை நீட்டி, இடுப்பில் எலாஸ்டிக் வைத்து, கீழே கொஞ்சம் விரித்துவிட்ட கவுனும் அந்த ஏற்றுமதிப் பெட்டிகளில் போகிறது. இடுப்பு, விரிவு என்ற அதே பழைய கோடுகள்தான். தாங்குகிற சட்டகம் மட்டும் இல்லை.

இன்றைய கோடைக் கவுன் ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். மார்புப் பகுதி முழுக்கப் பொடிப்பொடியான சுருக்கம். ஏறக்குறைய அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே ஓடும் தையல் வரிசைகள். மேல்நூல் சாதாரண நூல், அடிநூல் எலாஸ்டிக். வீட்டில் தைப்பவர்கள் பாபினில் எலாஸ்டிக் நூலைக் கையாலேயே சுற்றி, நீளத் தையலாக வைத்து வரிசை வரிசையாக ஓட்டுவார்கள். கடைசியில் இஸ்திரிப் பெட்டியின் ஆவியைக் காட்டினால் துணி கண்ணெதிரே சுருண்டு இறுகும். ஏற்றுமதித் தொழிற்சாலையில் பல ஊசி மிஷின் ஒரே ஓட்டத்தில் பல வரிசை போட்டுவிடும். லைனிங் இல்லை, கேன்வாஸ் இல்லை, ஹூக்கு இல்லை. ஓரங்களில் ஓவர்லாக், முடிந்தது.

இதையே 50-களின் நல்ல பருத்திக் கவுனோடு ஒப்பிட்டால், முன்பக்கம் மார்புக்கும் இடுப்புக்கும் தனித்தனி டாட், முதுகில் டாட், இடது பக்கத் தையலில் உலோக ஜிப், கழுத்துக்கு உள்பட்டி. சில நல்ல கவுன்களில் இடுப்பின் உள்ளே விறைப்பான ஒரு நாடா தைத்து அதற்குத் தனியாக ஹூக்கு வைத்திருப்பார்கள். பாவாடையின் கனம் முழுவதையும் தாங்குவது அந்த நாடாதான். மேல் துணி இழுபடாது. வெளியே தெரியாத இந்த வேலைக்குத்தான் கூலி. இன்றைய கவுன் அந்த வேலை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அது தந்த தோற்றத்தை மட்டும் எலாஸ்டிக்கால் எழுதிக் காட்டுகிறது.

பாவாடையிலும் இதே கதை. முழுவட்டத்தை ஒரு சதுரத் துணியிலிருந்து வெட்டினால் நாலு மூலையும் வீண். துணியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கழிவு. அதோடு வட்டத்தில் சில இடங்கள் நூலோட்டத்துக்குச் சாய்வாக, கிராஸாக விழும், அந்த இடம் மட்டும் கனத்தில் தொய்ந்து நீளும். அதனால் ஒரு இரவு தொங்கவிட்டு, மறுநாள் தரையிலிருந்து அளந்து ஓரத்தைச் சமன்செய்த பிறகுதான் மடித்துத் தைக்க வேண்டும். தொழிற்சாலைக்கு அந்த ஒரு இரவு கிடையாது. அதற்கு மாற்றுதான் அடுக்குப் பாவாடை. எல்லாம் நேர் செவ்வகத் துண்டுகள், கழிவு சொற்பம். மேலடுக்கு 45 அங்குலம் என்றால் அடுத்தது ஒன்றரை மடங்கு, ஏறக்குறைய 67. அதற்கடுத்தது மறுபடி ஒன்றரை மடங்கு, 100. வட்டப் பாவாடையின் 198-ல் பாதிதான். ஆனாலும் சுருக்கங்கள் துணியைத் தூக்கி நிறுத்துவதால் கண்ணுக்கு நிறைய விரிவு தெரியும், உள்பாவாடையும் தேவைப்படாது. அடுக்கு வடிவம் 70-களின் கிராமிய பாணியோடு சேர்ந்தது என்பதெல்லாம் உண்மைதான். அது இவ்வளவு பரவியதற்கு, துணி வெட்டும் மேசையில் மிச்சமாகும் காசும் ஒரு காரணம்.

அளவு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வசதியான உடையைப் பெண்கள் கேட்டார்கள், கடைகள் கொடுத்தன என்பது பாதி உண்மை. 1939-40-ல் அமெரிக்க விவசாயத் துறை சுமார் 15 ஆயிரம் பெண்களை அளந்தது. 1941-ல் அறிக்கை வந்தது. ஆயத்த உடைகளுக்கு ஒழுங்கான அளவு வேண்டும் என்பது நோக்கம். அந்தக் கணக்கில் வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். அதன் தொடர்ச்சியாக 1958-ல் தரநிலை ஒன்றும் வந்தது. தரநிலை வந்தாலும் உடம்புகள் அதைக் கேட்டு நடக்கவில்லை. டாட் பிடித்த கவுன் ஒருவருக்குப் பொருந்த வேண்டுமென்றால் மார்பு, இடுப்பு, முதுகு நீளம் மூன்றும் ஒரே நேரத்தில் ஒத்துவர வேண்டும். மார்புக்குச் சரியானது இடுப்பில் தொளதொளக்கும். இடுப்புக்குச் சரியானது மார்பில் பட்டன் தெறிக்கும். அன்று பக்கத்துத் தெருத் தையற்காரரோ வீட்டு மிஷினோ அதைச் சரிசெய்தன. இன்று திரையில் பார்த்து வாங்குகிறோம், பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புகிறோம்; திரும்பி வரும் ஒவ்வொரு பெட்டியும் விற்பவருக்கு நஷ்டம். சுருக்கம் வைத்த மார்புப் பகுதி பல அங்குலம் நீண்டுகொடுக்கும். எஸ், எம், எல் என்ற மூன்று நாலு அளவில் கிட்டத்தட்ட எல்லோரையும் அடக்கிவிடலாம். இடுப்புக்கோடும் இயல்பான இடத்திலிருந்து ஒன்றிரண்டு அங்குலம் மேலே ஏறியிருக்கும். விலா எலும்புக்குக் கீழே உட்கார்ந்துவிட்டால் முதுகு நீளம் பிசகினாலும் வெளியே தெரியாது.

கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் எடை ஏறி இறங்கும்போதும் ஒரே கவுன் கூட வருகிறது என்பது இதில் கிடைத்த நல்ல பலன். நான் அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இழந்ததும் உண்டு. பழைய கவுனின் பக்கத் தையல்களில் பெரும்பாலும் கொஞ்சம் துணி மிச்சம் விட்டிருப்பார்கள். பிரித்துப் பெரிதாக்கலாம், வருடக்கணக்கில் உழைக்கும். எலாஸ்டிக் நூல் சில கோடைகளில் தளர்ந்துவிடும். தளர்ந்த பின் அதைச் சரிசெய்ய எந்தத் தையற்காரரும் மெனக்கெட மாட்டார்.

2020-ல் ஊரடங்கு வந்தபோது இந்த வகை உச்சத்துக்குப் போனது. ஹில் ஹவுஸ் ஹோம் என்ற நியூயார்க் நிறுவனம் ஒரு வருடம் முன்புதான் 'நேப் டிரெஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. படுத்துத் தூங்கலாம், அப்படியே எழுந்து வீடியோ கூட்டத்திலும் உட்காரலாம். மார்பில் எலாஸ்டிக் சுருக்கம், தோளில் ஃப்ரில், கீழே விரிந்த பாவாடை. இரவு உடையையே வெளியில் உடுத்துவதா என்று அமெரிக்கப் பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டு எழுதின. நைட்டியின் மேல் ஒரு துண்டையோ துப்பட்டாவையோ போட்டுக்கொண்டு பால் பூத்துக்கும் காய்கறிக் கடைக்கும் போய்வரும் நம் ஊரில் யாருக்கும் இதில் அதிர்ச்சி இருந்திருக்காது. இங்கே அதைக் குறை சொல்லிப் பலகை வைத்ததும் உண்டு. அங்கே அதற்கு வணிக முத்திரை வாங்கி நூறு டாலருக்கு விற்றார்கள்.

இந்த உடைகளைச் சுற்றி ஒரு அரசியல் சண்டையும் நடக்கிறது. விரிந்த பாவாடையும் சதுரக் கழுத்தும் புசுபுசுக் கையுமாக, பிரெட் சுட்டுக்கொண்டே 'நான் வீட்டோடு இருக்கும் மனைவி' என்று வீடியோ போடும் பெண்கள் ஒரு பக்கம். இந்த உடையே பெண்ணை அடுப்படிக்குத் திருப்பி அனுப்புகிறது என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்புமே டியோரின் படத்தைப் பார்த்துத்தான் பேசுகின்றன. அடுப்படிக்காகவே தைத்த கவுன் பாப்ஓவர். அதுதான் பாக்கெட்டும் தட்டைக் காலணியும் தனியாக உடுத்திக்கொள்ளும் சுதந்திரமும் தந்தது. உள்கச்சும் முதுகு ஹூக்கும் வைத்த டியோர் கவுனில் ஒரு தோசைகூடச் சுட முடியாது. உடையின் வடிவத்தை வைத்து உடுத்தியவரின் கொள்கையைக் கண்டுபிடிப்பது எப்போதுமே ஆபத்தான வேலை.

டியோர் நிறுவனத்திலேயே இந்தச் சங்கடத்தோடு மல்லுக்கட்டினார்கள். 2012-ல் அங்கே வடிவமைப்பாளராக வந்த ராஃப் சிமன்ஸ் தன் முதல் தொகுப்பில் 'பார்' கோட்டுக்குக் கீழே பாவாடைக்குப் பதில் குறுகலான கால்சட்டை வைத்தார். 2016-ல் வந்த மரியா கிராத்சியா கியூரி, அந்த நிறுவனத்தின் படைப்புப் பொறுப்பை ஏற்ற முதல் பெண். அவர் கோட்டின் உள்விறைப்பைக் குறைத்து இளக்கிக்கொண்டே போனார். எழுபது வருடம் கழித்து டியோர் மெக்கார்டலின் பக்கம் நகர்ந்தது என்று சொன்னால் பாரிஸில் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் அப்படித்தான் தெரிகிறது.

கர்டிள் ஒழிந்துபோனதா என்றால், இல்லை. கவுனிலிருந்து பிரிந்து தனிச் சரக்காகிவிட்டது. ஷேப்வேர் என்ற பெயரில் லைக்ரா உள்ளாடைகள் இன்று பெரிய வியாபாரம். 2019-ல் தொடங்கிய ஸ்கிம்ஸ் அதிலேயே உலகப் பெயர் வாங்கியது. அதே நிறுவனம் விற்கும் உடம்போடு ஒட்டிய நீளக் கவுன்களை வெளியிலும் உடுத்துகிறார்கள். இன்னொரு பக்கம், மார்புப் பகுதியில் பிளாஸ்டிக் பட்டை வைத்து உள்கச்சுப்போல் தைத்த கவுன்கள் மலிவுக் கடைகளுக்கே வந்துவிட்டன. பட்டை பெரும்பாலும் பேருக்குத்தான். முதுகைத் திருப்பிப் பார்த்தால் அங்கே அகலமாக ஒரு எலாஸ்டிக் சுருக்கம் இருக்கும்.